பட்டன் டப்பாவில் இருந்த மாத்திரை

ஜூன் 3
மருத்துவமனை, இரண்டாம் மாடி வராந்தா

அன்புள்ள மருமகள் சிட்டுவுக்கு மாமா எழுதுவது.

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன். உன் அம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பல்வலி, பல்வலி என்று சலவைக் கடையில் உட்கார்ந்திருந்தபோதே, "அக்கா, இது பல் இல்ல, உள்ள வேற ஏதோ குடி வந்திருக்கு" என்றேன். யார் கேட்டார்கள்? பல் டாக்டர் ஒரு நல்ல பல்லைப் பிடுங்கிக் கையில் கொடுத்து அனுப்பினார். அப்புறம் கண்ணுக்குக் கீழே வீங்கியது. கடைசியில் இங்கே பெரிய டாக்டர் மூக்குக்குள் கேமராக் குழாயை விட்டுப் பார்த்து, "பூஞ்சை" என்றார். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு வருமாம். நான் சொன்னதைத்தான் அவர் படித்தவர் பாஷையில் சொன்னார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். பெருமையடித்துக்கொள்வது என் பழக்கம் இல்லை என்று உனக்குத் தெரியும்.

பயப்படாதே. ஆபரேஷன் முடிந்துவிட்டது. கறுத்துப்போன சதையை மூக்கு வழியாகவே சுரண்டி எடுத்துவிட்டார்கள். இரண்டு துவாரத்திலும் நீளநீளமாகத் துணியைத் திணித்து அடைத்திருக்கிறார்கள். வாயால்தான் மூச்சு விடுகிறாள். பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு மெக்கானிக் இன்னொரு மெக்கானிக்கிடம் பேசுகிற மாதிரிப் பேசினார். "மிச்சம் மீதி இருக்கிறது கண்ணுக்கு ஏறக் கூடாது. கண்ணுக்குப் போனா அடுத்தது மூளை. நரம்பு வழியா மருந்து ஏத்தணும், தினமும். அதை விட்டா வேற வழி இல்ல" என்றார். "ஏத்துங்க டாக்டர், நான் பாத்துக்கிறேன்" என்றேன். அவருக்கு அப்போதுதான் தெம்பு வந்தது.

அந்த மருந்து மஞ்சளாக இருக்கிறது. வெளிச்சம் பட்டால் வீணாகிவிடுமாம்; அதனால் பைக்குக் கறுப்பு உறை போட்டுத் தொங்கவிடுகிறார்கள். முழுப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நான் ஒரு பம்பையே கழற்றி மாட்டிவிடுவேன். இங்கே எல்லாரும் ஆம்போ என்கிறார்கள். சொட்டுச் சொட்டாக, ஆமை மாதிரி இறங்குகிறது. பாதிகூட இறங்கவில்லை, அக்காவுக்கு நடுக்கம் எடுத்துவிட்டது. கட்டில் தடதடவென்று ஆடியது. கையில் பட்டையைச் சுற்றி அழுத்திப் பார்த்தால் பிரஷர் இருநூறைத் தாண்டி நிற்கிறது. கறார் நர்ஸ் (நான் வைத்த பெயர், இந்த வார்டுக்கே அவர்தான் தலைவி) உடனே மருந்தை நிறுத்தினார். நான் கையை நீட்டிக் காட்டியதால்தான் நிறுத்தினார் என்று வைத்துக்கொள்.

சின்ன டாக்டர் ஓடிவந்தார். "இவங்களுக்கு முன்னாடியே பிரஷர் உண்டா? வீட்ல மாத்திரை ஏதாவது சாப்பிடுறாங்களா?" என்று கேட்டார். உன் அம்மாவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டுமா? அந்த நடுக்கத்திலும் தலையைத் தூக்கி, "எங்க குடும்பத்துல பிரஷர் பாக்கிறது பம்புக்கு மட்டும்தான்" என்று கணீரென்று சொன்னாள். வார்டே சிரித்தது. சின்ன டாக்டரும் எழுதிக்கொண்டு போனார்.

நாளைக்கு மறுபடி ஏற்றுவார்கள். உன் தீவுக்குப் போன் எடுக்காதது, உங்கள் வயர்லெஸ்ஸில் சொந்தக் கதை பேசக் கூடாது என்பது, படகு வந்தால்தான் தபால் என்பது எல்லாம் எனக்குத் தெரியும். அதனால் என்ன, எழுத்தில்தான் என் திறமை முழுதாக வெளியே வருகிறது. நீ காற்றின் அழுத்தத்தைப் பார்த்துக்கொள். நான் இங்கே இதைப் பார்த்துக்கொள்கிறேன்.

உன் மாமா

*

ஜூன் 6
வானிலை நிலையம்

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று பேர் இருக்கிற இந்த அறையில் நின்றுகொண்டே படித்தேன். பிரஷர் பற்றிய இடம் வந்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

மாமா, அம்மாவுக்குப் பிரஷர் உண்டு. நாலைந்து வருடமாக உண்டு. தினமும் காலையில் ஒரு மாத்திரை சாப்பிடுகிறாள். அது உங்களுக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். சர்க்கரை வந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஒரே வாரத்தில், சட்டை தேய்க்கக் கொடுக்க வருகிறவர்கள் எல்லாம் "இன்னிக்கு சர்க்கரை எவ்ளோம்மா" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் இதை மறைத்தாள். கடையில் தேய்ப்பு மேசைக்குக் கீழே, அறுந்த பட்டன்களுக்குப் பதில் தைக்க வைத்திருக்கிற டப்பா இருக்கிறதே, அதில்தான் மாத்திரை அட்டையும் இருக்கிறது. நான் இங்கே கிளம்பிவந்த அன்று இதற்காகத்தான் எங்களுக்குள் சண்டை. "மாமாகிட்ட மட்டுமாவது சொல்லி வை" என்றேன். "அவன்கிட்ட சொன்னா நான் படுத்திருக்கிற இடத்துக்கு ஊரே வந்து நிக்கும். உன் வேலையைப் பாத்துட்டுப் போ" என்றாள். அதற்கப்புறம் நாங்கள் சரியாகப் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்ததிலிருந்து அந்த மாத்திரை அவளுக்குப் போயிருக்காது. யாருக்கும் தெரியாதே. அதனால்தான் மருந்து ஏற்றும்போது இப்படி ஏறுகிறதோ என்னவோ, எனக்குத் தெரியாது. டாக்டருக்குத் தெரியும். தயவுசெய்து இன்றைக்கே, இதைப் படித்த கையோடு, சின்ன டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். வயர்லெஸ்ஸில் சொல்லலாம் என்று எழுந்தேன். துறைமுகம் முழுக்கக் கேட்கும். அவளுக்குக் கொடுத்த வாக்கை நினைத்து மறுபடி உட்கார்ந்துவிட்டேன். படகு நாளைக்கே போகிறது, அதனால் எழுதுகிறேன். இது சரியா தப்பா தெரியவில்லை.

அம்மாவுக்கு இதைப் படித்துக்காட்டுங்கள்: டாக்டர் நேருக்கு நேர் கேட்கும்போதுகூட இல்லை என்று சொல்வாயா அம்மா? என்னிடம் மறைத்தால் நான் தாங்கிக்கொள்வேன். உயிர்காக்க நிற்கிறவரிடம் மறைக்கிறாயே. உன்மேல் எனக்கு இவ்வளவு கோபம் வந்ததே இல்லை.

இங்கே என்னோடு வேலை பார்த்த வானிலைப் பார்வையாளர் ஒருவர் உடம்பு சரியில்லாமல் கரைக்குப் போய்விட்டார். மாற்று ஆள் வராமல் நான் கிளம்ப முடியாது. மீன்பிடிப் படகுகள் எங்கள் எச்சரிக்கையைக் கேட்டுத்தான் கடலுக்குப் போகின்றன. மாற்று ஆளை அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

சிட்டு

*

ஜூன் 9

அன்பு மருமகளே,

உன் கடிதம் வந்தது. எனக்கு ஆச்சரியமே இல்லை. அக்கா முகத்தைப் பார்த்தாலே தெரியுமே, பிரஷர் உள்ள முகம் என்று. அவளாகச் சொல்லட்டும் என்று நான்தான் விட்டிருந்தேன்.

நீ சொன்னபடி அவளுக்குப் படித்துக்காட்டினேன். முழுதும் கேட்டாள். கோபம் என்ற இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் திறந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. பிறகு, "ஆமா. நான்தான் சொன்னேன்னு எழுது" என்றாள். எழுதிவிட்டேன்.

இப்போது நல்ல செய்தி. இடையில் இரண்டாம் முறையும் மருந்தைப் பாதியில் நிறுத்தவேண்டி வந்தது. பெரிய டாக்டர் வராந்தாவில் என்னை நிறுத்தி, "இப்படியே ஏறிட்டிருந்தா மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிரும். இன்னொரு தடவை ஆச்சுன்னா மருந்தையே நிறுத்தணும்" என்றார். "நிறுத்தினா?" என்று கேட்டேன். கண்ணைத் தொட்டுக் காட்டினார். எனக்குக் கை சில்லிட்டுப்போயிற்று. வராந்தாவில் காற்று கொஞ்சம் குளிர்.

இங்கேதான் உன் மாமாவின் மூளை வேலை செய்தது. நீ டாக்டரிடம் சொல்லச் சொன்னாய். சொல்லலாம். ஆனால் வார்டு முழுக்கச் சிரிக்க அக்கா ஒரு வார்த்தை சொல்லி, அதை அவர் எழுதியும் வைத்திருக்கிறார். இப்போது போய் அது பொய் என்றால் அவள் மானம் என்ன ஆவது? பக்கத்துக் கட்டிலில் ஓய்வுபெற்ற தட்டச்சர் அம்மா ஒருவர் இருக்கிறார், காது கூர்மை. ஆகவே நான் ரகசியமாகக் கடையைத் திறந்து பட்டன் டப்பாவை எடுத்துவந்தேன். அட்டையிலிருந்து பிரிந்த மாத்திரைகளும் பட்டன்களும் ஒன்றாகக் கிடக்கின்றன. எல்லாம் வெள்ளை, எல்லாம் வட்டம். கொஞ்சம் அசந்திருந்தால் உன் அம்மாவுக்கு ஒரு சட்டைப் பட்டனைக் கொடுத்திருப்பேன். நாலு ஓட்டை இல்லாததாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன்.

கறார் நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியதும் ஒன்று கொடுத்தேன். மறுநாள் ஒன்று. அன்றைக்குப் பிரஷர் கொஞ்சம்தான் இறங்கியது. அதனால் இன்று இரண்டாகக் கொடுத்தேன். பம்பில் ஒரு வாஷர் போதாவிட்டால் இரண்டு போடுவோம், அந்தக் கணக்குதான். என்ன ஆயிற்று என்கிறாய்? மருந்து முழுதாக இறங்கியது! கட்டில் ஆடவில்லை. சின்ன டாக்டர் எண்ணைப் பார்த்துவிட்டு, "அட, செட் ஆயிடுச்சே" என்றார். தன் மருந்தால் என்று நினைத்துக்கொண்டு போகிறார். போகட்டும், சின்னப் பையன், சந்தோஷப்படட்டும்.

நீ இனிமேல் நிம்மதியாகக் காற்றைப் பார்.

உன் மாமா

*

ஜூன் 11

மாமா,

அந்த மாத்திரையை இனி ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள்.

எங்கள் நிலையத்தில் முதலுதவி பார்க்கிறவர் கப்பலில் பல வருடம் மருத்துவ உதவியாளராக இருந்தவர். உங்கள் கடிதத்தை அவரிடம் வாசித்துக் காட்டினேன். பட்டன் கதைக்குச் சிரித்தார். மாத்திரையின் பெயரைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்தினார். அது சிறுநீரை அதிகம் பிரியவைத்துப் பிரஷரை இறக்குகிற மாத்திரையாம். போகும்போது உடம்பிலிருக்கிற பொட்டாசியம் என்ற உப்பையும் இழுத்துக்கொண்டு போகும். ஆம்போ மருந்தும் அதே உப்பைத்தான் இழுக்குமாம். அந்த உப்பு ரொம்பக் குறைந்தால் கால் தசை இழுக்கும், பிறகு இதயத் துடிப்பே தாளம் தப்பும் என்றார். அதோடு அந்த மருந்து சிலருக்குப் பிரஷரை ஏற்றும், சிலருக்குச் சரியவைக்கும். அதனால்தான் அடிக்கடி பட்டையைச் சுற்றிப் பார்க்கிறார்களாம். இரண்டையும் தெரிந்து அளந்து கொடுக்கவேண்டியவர் டாக்டர். நீங்கள் கொடுப்பது அவருக்குத் தெரியாது. அவர் கொடுப்பது உங்களுக்குத் தெரியாது. நடுவில் அம்மா படுத்திருக்கிறாள்.

டப்பா இருக்கும் இடத்தை உங்களுக்கு எழுதினேனே, அதை நினைத்து நினைத்து நேற்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வாக்காவது ஒன்றாவது என்று வயர்லெஸ் அறைக்குப் போய்த் துறைமுக அலுவலகத்துக்குச் செய்தி சொன்னேன்: இன்ன ஆஸ்பத்திரி, இன்ன வார்டு, நோயாளிக்கு வீட்டு மாத்திரை கொடுக்கப்படுகிறது, டாக்டரிடம் உடனே தெரிவிக்கவும். எதிர்முனையில் இருந்தவர், "சரி, ஆள் இருந்தா அனுப்புறோம்" என்றார். ஆள் இருந்தாரா, போனாரா, தெரியவில்லை. மறுபடி கேட்பதற்குள் இரைச்சல் வந்துவிட்டது.

காற்றழுத்தம் இறங்கிக்கொண்டே இருக்கிறது. எச்சரிக்கைக் கொடியை நான்தான் ஏற்றினேன். அதனால் படகு வராது என்பதும் எனக்குத்தான் முதலில் தெரியும். இந்தக் கடிதம் பையில் கிடக்கும். கிடக்கும் என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

மாமா, உங்கள் கையைப் பிடித்துக் கேட்கிறேன். சொல்லிவிடுங்கள். அம்மாவின் மானம் போனால் போகட்டும்.

சிட்டு

*

ஜூன் 12

அன்பு மருமகளுக்கு,

அக்கா உயிரோடு இருக்கிறாள். இதை முதலில் எழுதவேண்டும் என்று தோன்றியது.

நேற்றுக் காலையிலேயே, "டேய், காலை முறுக்கிப் பிழியுற மாதிரி இருக்குடா" என்றாள். படுத்தே கிடந்தால் அப்படித்தான் என்று பிடித்துவிட்டேன். அன்றைக்கும் இரண்டு கொடுத்திருந்தேன். கறுப்பு உறைப் பையை மாட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் பேச்சு குழறியது. உதடு வெளுத்தது. கறார் நர்ஸ் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மறுபடி சுற்றிப் பார்த்தார். எண் கிடைக்கவே இல்லை. கால் பக்கத்தைத் தூக்கி வைத்து, மருந்தை மூடி, ஆளைக் கூப்பிட்டார். நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். பெட்டியில் ஓடுகிற கோடு ஒழுங்கில்லாமல் குதித்தது. நான் முப்பது வருடமாக மோட்டார் சத்தம் கேட்கிறவன். எந்த மோட்டார் நிற்கப்போகிறது என்று சத்தத்திலேயே சொல்வேன். அந்தப் பெட்டியின் சத்தத்தைக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை.

சின்ன டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நேத்து நல்லாத்தானே இருந்தது. ஏன் இப்படி விழுது? பொட்டாசியம் ஏன் இவ்ளோ கம்மி? நாம குடுத்துட்டுத்தானே இருக்கோம்" என்று எல்லாரையும் கேட்டார். என் சட்டைப் பையில் டப்பா இருந்தது. நான் நடுங்கினேன் போலிருக்கிறது, பட்டன்கள் கலகலவென்றன. தட்டச்சர் அம்மா என் பையைப் பார்த்தார்.

நான் சொல்லிவிட்டேன்.

எப்படிச் சொன்னேன் என்று கேட்காதே. டாக்டருக்குச் சமமாக நின்று, விஷயத்தை அலசி, தெளிவாக எடுத்துச் சொன்னேன் என்று எழுத நினைத்தேன். பேனா ஓடவில்லை. டப்பாவை எடுத்து நீட்டினேன், அவ்வளவுதான். கறார் நர்ஸ் வாங்கித் திறந்து பார்த்தார். திட்டவில்லை. "எத்தனை குடுத்தீங்க? எப்பக் குடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "உக்காருங்க" என்றார். நான் நின்றுகொண்டிருந்ததே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அப்புறம் துறைமுகத்திலிருந்து ஒருவர் நனைந்துபோன சீட்டோடு வந்தார். உன் செய்தி. கறார் நர்ஸ் படித்துவிட்டு, "இவரே சொல்லிட்டாரு" என்றார். நம்பாவிட்டால் நீ வந்து அவரையே கேட்டுக்கொள்.

அக்காவைத் தீவிரக் கவனிப்பு அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். என்னைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். உப்பை நரம்பு வழியாகவே கொடுக்கிறார்கள். ஆம்போவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எப்போது மறுபடி தொடங்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. கண் வீக்கம் கூடுகிறதா குறைகிறதா என்று கண்ணாடி வழியாகத் தெரியவில்லை. நான் கையால் கண்ணைக் காட்டி, எப்படி இருக்கிறது என்று சைகை செய்தேன். அவள் கையை உயர்த்தி, போய்ச் சாப்பிடு என்று காட்டினாள்.

மாமா

*

ஜூன் 15

மாமா,

காற்று தணிந்தது. படகு வந்தது. உங்கள் கடிதத்தை இறங்குதுறையிலேயே பிரித்தேன். முதல் வரியை அங்கேயே, அப்படியே, திரும்பத் திரும்பப் படித்தேன். அப்படி எழுதியதற்கு உங்களைக் கும்பிடவேண்டும்.

நீங்கள் சொல்லிவிட்டீர்கள். எனக்கு அது போதும். நீங்கள் செய்ததற்காக உங்களைத் திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன். இப்போது ஒன்றும் இல்லை. அவள் மானத்தைக் காப்பாற்றத்தானே செய்தீர்கள். அவள் அன்றைக்கு இல்லை என்று சொல்லாமல் இருந்திருந்தால் நீங்கள் ஏன் ரகசியமாக டப்பாவைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும்? உங்கள் முதல் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இரண்டு மூக்கும் அடைத்து, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு, கட்டில் ஆட நடுங்கிக்கொண்டிருக்கிற ஒருத்தி தலையைத் தூக்கிக் கணீரென்று பொய் சொல்கிறாள். என்ன பிடிவாதம். சாகும்போதுகூட, தனக்கு ஒன்றுமில்லை என்று ஊருக்குக் காட்டவேண்டும் அவளுக்கு. எனக்குத் தெரிந்து சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். காய்ச்சலோடு நின்று துணி தேய்ப்பாள். கேட்டால் இஸ்திரிப் பெட்டியின் சூடு என்பாள்.

மாற்று ஆள் அடுத்த படகில் வருகிறார். அதே படகில் நான் கிளம்புகிறேன். வந்ததும் அவளிடம் முதலில் கேட்கப்போவது இதைத்தான்: எங்களைவிட உனக்கு அந்த வார்டு சிரிப்பதுதான் முக்கியமா? படுத்திருக்கிறாள் என்று பார்க்கமாட்டேன். இதைக் கேட்காமல் என்னால் அவள் பக்கத்தில் உட்கார முடியாது.

கண் எப்படி இருக்கிறது என்று மட்டும் எப்படியாவது தெரிவியுங்கள்.

சிட்டு

*

ஜூன் 18
அதே வராந்தா

அன்பு மருமகள் சிட்டுவுக்கு,

இதைப் படகோட்டி கையில் கொடுத்தனுப்புகிறேன். நீ ஏறுகிற படகிலேயே இது உனக்குக் கிடைக்கும். கடலில் வரும்போது படித்துவிடு. கரைக்கு வந்தபின் படிக்கலாம் என்று பைக்குள் போடாதே.

கண் தப்பித்தது. பெரிய டாக்டர் இன்று காலை விளக்கடித்துப் பார்த்தார். விரலை இப்படியும் அப்படியும் ஆட்டினார், அக்காவின் கண் அதன் பின்னாலேயே போனது. "எத்தனை விரல் தெரியுது?" என்று கேட்டார். "உங்க மோதிரம் லூசா இருக்கு, விழுந்துரும்" என்றாள். அவரே சிரித்துவிட்டார். வீக்கம் வடிந்துவருகிறது. புதிதாகக் கறுப்பு எதுவும் இல்லையாம்.

ஆம்போவை மறுபடி தொடங்கிவிட்டார்கள். பழைய மாத்திரையை அறவே நிறுத்திவிட்டு, உப்பை இழுக்காத வேறு ஒன்றை டாக்டரே கொடுக்கிறார். மருந்துக்கு முன்னால் உப்புத் தண்ணீர் ஒரு பை ஏற்றுகிறார்கள். நடுக்கத்துக்கு ஒரு ஊசி. அப்புறம் கறுப்பு உறைப் பையை முன்பைவிட மெதுவாக, காலையில் தொடங்கிச் சாயங்காலம் வரைக்கும் விடுகிறார்கள். ஏறுவதும் இல்லை, சரிவதும் இல்லை. கறார் நர்ஸ் பட்டையைக் கழற்றும்போது எண்ணை என் பக்கம் திருப்பிக் காட்டுகிறார். நான் கேட்பதற்கு முன்னாலேயே காட்டுகிறார். டப்பாவையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். உள்ளே பட்டன்கள் மட்டும் இருக்கின்றன.

இன்னும் பல நாள் ஏற்றவேண்டும். சிறுநீரகத்தை அந்த மருந்து பாதிக்கிறதா என்று தினமும் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். முழுதாகத் தாண்டிவிட்டோம் என்று சொல்லமாட்டேன் என்றார் பெரிய டாக்டர். நானும் சொல்லவில்லை.

நான் எழுத வந்தது இதை இல்லை.

உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக்காட்டவில்லை. "என்னடா எழுதியிருக்கா?" என்று கேட்டாள். "வரான்னு எழுதியிருக்கா" என்றேன். "கோவமா இருக்காளா?" என்றாள். நான் போர்வையை இழுத்துவிட்டேன். "இருந்துட்டுப் போகட்டும். ரெண்டு நாளு. என்கிட்ட கோவம்னா தானா வடிஞ்சிரும். உன்கிட்டன்னா நீ தாங்கமாட்ட" என்றாள். துணியெல்லாம் எடுத்துவிட்டார்கள் என்றாலும் குரல் இன்னும் மூக்கோடுதான் வருகிறது. பக்கத்தில் குனிந்தால்தான் கேட்கும்.

நீ அந்த வாசற்படியைத் தாண்டி வந்து, முதல் பார்வையிலேயே அவளைக் கேட்கப்போகிறாய். அவளும் உனக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம் என்பாள். அந்த நேரத்தில் கறார் நர்ஸ் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தால் எண் எங்கே போய் நிற்கும் என்று நான் நினைத்துப் பார்த்தேன். இவ்வளவு கஷ்டப்பட்டு இறக்கியதை நீ வந்து ஏற்றிவிடக் கூடாது. நானும் கட்டிலின் மறுபக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருக்கக் கூடாது.

ஆகவே எழுதுகிறேன். பல்வலியைப் பல் இல்லை என்று நான் சொன்னது நிஜம். ஆனால் மூன்றாவது நாள்தான் சொன்னேன், முதல் இரண்டு நாள் அதே பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனது நான்தான். பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டதும் நிஜம். மெக்கானிக்கிடம் மெக்கானிக் மாதிரி அவர் பேசவில்லை. இதெல்லாம் என் எழுத்தில் எப்போதும் இருக்கிற அலங்காரம். உனக்குத் தெரிந்ததுதான். அதற்கெல்லாம் நான் கவலைப்படுகிறவன் இல்லை.

ஒரு விஷயம் மட்டும் அலங்காரம் இல்லை, பொய். அன்றைக்குச் சின்ன டாக்டர் ஓடிவந்து கேட்டபோது அக்காவுக்குப் பேச வாயில்லை. பற்கள் கிட்டிப்போய், கண் செருகிக் கிடந்தாள். அவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை. பம்பு, பிரஷர் என்று கணீரென்று சொன்னது நான். வார்டு சிரித்ததும் எனக்குத்தான்.

மாமா